வீங்கிய மணிக்கட்டோடு யோகாவுக்குப் போனது

எனக்கு முடக்குவாதம் என்று தெரிந்த வாரத்திலேயே மலையாள ஊரான வலியசாலையில் எங்கள் தமிழ்த் தெருவில் பாதிப் பேர் டாக்டராகிவிட்டார்கள். ஆளுக்கொரு கீரை, ஆளுக்கொரு எண்ணெய். எல்லோரும் ஒரே குரலில் சொன்னது மட்டும் யோகா. அதிலும் எதிர்வீட்டில் இருக்கும் என் கணவரின் அக்கா விடுவதாக இல்லை.

"அந்த மாத்திரையெல்லாம் விஷம்டீ. யோகா பண்ணு, எல்லாம் ஓடிப்போயிடும்."

நான் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவள். காலையில் எழுந்தால் விரல் மடங்காது. குழாயைத் திருக மகளைக் கூப்பிட வேண்டும். புடவைக் கொசுவம் பிடிக்கும் அளவுக்குக் கை இளக ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் அக்கா அறிவுரையோடு வருவார்.

மூட்டு டாக்டரிடம் கேட்டேன். யோகா செய்யலாம், ஆனால் மாத்திரையை நிறுத்தக்கூடாது, வீங்கிய மூட்டுக்கு வேலை கொடுக்கக்கூடாது என்றார். அக்கா காதில் 'செய்யலாம்' மட்டும்தான் விழுந்தது. மறுநாளே ஒரு வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டார்.

மருந்துக்கடை மாடியில் ஒரு ஹால், இருபது பேர். மூன்றாம் நாள் ஆசிரியர் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி உடம்பைத் தூக்கச் சொன்னார். அன்று என் வலது மணிக்கட்டு பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. காட்டினேன்.

"வேதன மனசிலாணு சேச்சி. ஒண்ணும் பேடிக்கண்டா, செய்யூ."

வலி மனசில்தானாம், பயப்படாமல் செய்ய வேண்டுமாம். மனசில் இல்லை ஐயா, மணிக்கட்டில் என்று சொல்லியிருக்க வேண்டும். இருபது பேர் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில் ஊன்றித் தொலைத்தேன்.

அந்த வாரம் முழுக்க லீவு. இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். மகள் தலை பின்னிவிட்டாள். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்து, "ஞான் பறஞ்சது பாதிதான் கேட்டீங்களா?" என்று, தான் சொன்னதில் பாதியை விட்டதற்காகக் கடிந்துகொண்டார். அக்கா மீது இருந்த கோபத்தைவிட என் மீதே எனக்குக் கோபம் அதிகம்.

வீக்கம் வடிந்ததும் ஆஸ்பத்திரியிலேயே மூட்டு நோயாளிகளுக்கு யோகா சொல்லித்தரும் ஒரு அம்மாவிடம் டாக்டர் அனுப்பினார். யோகா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வந்த சமயம் அது. அந்த அம்மா தினமும் முதலில் கேட்டது, "இன்னைக்கு எவிடயா வேதன?" என்று வலிக்கிற இடத்தைத்தான். வலிக்கிற கையை மடியில் தலையணை மேல் வைக்கச் சொல்வார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோளைச் சுழற்று, காலை நீட்டு, மூச்சை மெல்ல விடு. இதற்கா ஆட்டோ பிடித்து வந்தேன் என்று பல நாள் முணுமுணுத்தேன். ஆனாலும் போனேன்.

நோய் ஓடிப்போகவில்லை. வாரம் ஒரு நாள் மாத்திரையும், அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இப்போது தூக்கம் வருகிறது, காலையில் கை கொஞ்சம் சீக்கிரம் இளகுகிறது. மருந்தாலா யோகாவாலா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டையும் விடாதீர்கள் என்றார் டாக்டர்.

போன நோன்பன்று தன் வீட்டுக்கு வெற்றிலைபாக்கு வாங்க வந்த பெண்களுக்கு நடுவே அக்கா என்னைச் சுட்டிக்காட்டினார். அவர்களில் எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கும் இதே நோய்.

"இவளைப் பாரு, யோகாலயே குணமாயிடுத்து. நீயும் மாத்திரையை நிறுத்திடு."

"அக்கா, நான் ஒரு வாரம்கூட மாத்திரையை நிறுத்தலை. எனக்குக் குணமும் ஆகலை. அவகிட்ட இப்படிச் சொல்லாதேங்கோ" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது.

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, "ஏற்கெனவே நிறுத்தி ரெண்டு வாரம் ஆச்சு மாமி" என்றாள் என்னிடம். அவள் விரல்களைப் பார்த்தேன். மோதிரத்தைச் சுற்றிச் சதை பிதுங்கியிருந்தது.

திங்கட்கிழமை லீவு போட்டு அவளை டாக்டரிடம் நானே அழைத்துப்போனேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டாள். அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. காலை நேரம் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது என்று சொன்னால், பாவம், அதற்கும் கோபித்துக்கொள்வார்.