சொந்த ஊரில் வண்டி விடாத கூத்தையா

கூத்தையா இறந்த மறுவருடம் சாயல்குடிப் பந்தயக் கமிட்டிக்காரர்கள் ராக்குவைத் தேடி வந்தார்கள். குதிரை வண்டிப் பந்தயத்துக்கு அவள் புருஷன் பெயரை வைக்கப்போகிறார்களாம். எந்தெந்த ஊரில் ஜெயித்தார் என்று மேடையில் சொல்ல வேண்டுமாம்.

"ஜெயிச்சதத்தான் எல்லாரும் பேசுவாக. நம்மூர்ல தோத்தாரே, அதைப் பேசுங்க" என்றாள் ராக்கு.

சாயல்குடியில் பஸ் வந்து நிற்கும் இடத்தில்தான் கூத்தையாவின் வண்டியும் நிற்கும். கருப்பட்டி கொண்டுபோகிறவர், உப்பளத்துக்குப் போகிறவர், யார் வழியில் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வார். இடமில்லை என்று சொன்னதே கிடையாது. வண்டியும் குதிரையும் பொன்னுச்சாமிக்குச் சொந்தம், நிலபுலன் உள்ளவர். ஆனால் செவலை என்ற அந்தப் பெண்குதிரையைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் கூத்தையா. அவரிடம் சாட்டை ஒன்று இருந்தது, தன் முதுகைச் சொறிந்துகொள்ள. செவலைக்கு நாக்கால் ஒரு சத்தம் கொடுத்தாலே போதும்.

தொண்டி, முதுகுளத்தூர் என்று எங்கே பந்தயம் நடந்தாலும் செவலைதான் முதலில் வரும். வண்டிக்காரர்களுக்குள் தகராறு வந்தால் கூத்தையா சொல்வதை மறுபேச்சில்லாமல் கேட்பார்கள். அப்படிப்பட்டவர் சாயல்குடிப் பந்தயத்தில் மட்டும் ஓட்டமாட்டார். ஏன் என்பது ராக்குவுக்குத்தான் தெரியும். வெளியூர்ச் சாலையில் செவலைக்கு அது பந்தயம். உள்ளூர்ச் சாலையில் ஏறினால் சவாரி. யாராவது கை தூக்கினால் நின்றுவிடும். வண்டியில் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் நகரும். இதை வெளியே சொல்லிக் குதிரைக்குக் கெட்ட பெயர் வாங்கித்தர அவருக்கு மனம் வரவில்லை.

ஒரு வருடம் பொன்னுச்சாமி பிடிவாதமாக நின்றார். "ஏப்பா, ஊரு ஊரா ஜெயிக்குதாம், நான் கண்ணால பாத்ததில்ல. இந்தத் தடவ நம்மூர்ல ஓட்டு. மொத வண்டியா வரலைன்னா, பரமக்குடிக்காரர் குதிரைய வெலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காரு, வித்துருவேன்."

கூத்தையா அன்று சோற்றைத் தொடாமல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். "என்னய்யா, பொண்ணக் கட்டிக்குடுக்கப்போற மாதிரி உக்காந்திருக்க?" என்று ராக்கு கேலி செய்துதான் பார்த்தாள்.

பந்தயத்தன்று பாரம் குறைய மேல்கூண்டைக் கழற்றிவிட்டு வண்டியைப் பூட்டினார். செவலை புறப்பட்ட வேகத்தில், போட்டிக்கு நின்றவர்களில் கெட்டிக்காரனான மலையாண்டியின் வண்டி புழுதிக்குள் காணாமல் போனது. ஊரே சாலையோரம் நின்றது. எல்லாரும் கூத்தையாவிடம் சவாரி போனவர்கள். அந்தப் பிரியத்தில், "விடுய்யா வண்டிய!" என்று உப்பளத்துச் சோணைமுத்து துண்டோடு கையைத் தூக்கினார்.

செவலை நின்றது.

நாக்கால் சத்தம் கொடுத்துப் பார்த்தார் கூத்தையா. அசையவில்லை. "ஏறுய்யா, ஏறித்தொல!" என்று சோணைமுத்துவை இழுத்துப் போட்டார். உட்கார்ந்த மாத்திரத்தில் வண்டி பறந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு கருப்பட்டிக்காரர் கை தட்டியதோடு நிற்காமல் கையை உயர்த்தினார். அவரும் ஏறினார், கூடையோடு. மலையாண்டி முந்திக்கொண்டு போனான், அவன் பின்னாலேயே மற்ற வண்டிகளும் போயின.

ராக்குவுக்குப் பொறுக்கவில்லை. சாலையில் இறங்கி ஓடினாள். "கையக் கீழ போடுங்கய்யா! யாரும் கையத் தூக்காதீக!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள், தன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே.

செவலை அவள் முன்னால் வந்து நின்றது.

"நீயுமாடி?" என்றார் கூத்தையா. அவளும் ஏறினாள். பின்பக்கம் உட்கார்ந்தபடி, "கையக் கட்டுங்க! கையக் கட்டுங்க!" என்று வழியெல்லாம் கூவினாள். ஊர் முழுவதும் வாத்தியார் முன்னால் நிற்கும் பிள்ளைகளைப்போலக் கையைக் கட்டிக்கொண்டது. செவலை மற்ற வண்டிகளையெல்லாம் தாண்டியது. மலையாண்டியை மட்டும் எட்ட முடியவில்லை. ஒரு குதிரை நீளம் பின்தங்கி இரண்டாவதாக வந்தது.

பொன்னுச்சாமி வந்து செவலையின் கழுத்தைத் தடவினார். கூத்தையா தலை நிமிரவில்லை.

"மொதல்ல வரலை அய்யா."

"தெரியுதுப்பா. மலையாண்டி தன்னந்தனியா ஓட்டிட்டு வந்தான். இது ரெண்டு ஆம்பளையையும், ஒரு கூடையையும், உன் பொண்டாட்டி வாயையும் இழுத்துக்கிட்டு அவன் வாலப் பிடிச்சிருக்கு. இதப் போயி எவனாச்சும் விப்பானா?"

ராக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

கருப்பட்டிக்காரர் மெதுவாகச் சொன்னார்: "கூத்தையா, நான் சும்மா வேடிக்க பாக்க நின்னவன். என் செருப்பு அங்கன கெடக்கு."

"எறங்காதீக" என்றார் கூத்தையா. அத்தனை பேரையும் வைத்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார், அவரவர் ஏறின இடத்தில் இறக்கிவிட.