மீன் தொட்டியில் வந்த வெள்ளை நூல்கள்

1985-ஆம் வருடம், தை மாதம். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக நான் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. வீடு தருமபுரியில். காலையில் பஸ்ஸில் இடிபட்டுப் போய், சாயங்காலம் அதே பஸ்ஸில் இடிபட்டு வருவேன். வயது இருபத்தைந்து. தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிற வயது.

அந்த வருடம் ஆய்வுக்கு அதிகாரி வரப்போகிறார் என்றதும் எங்கள் தலைமையாசிரியர் சேலத்துக்குப் போய் ஒரு கண்ணாடித் தொட்டியும் பத்துப் பன்னிரண்டு கப்பி மீன்களும் வாங்கி வந்தார். எங்கள் ஊர்ப் பக்கம் தண்ணீரே அபூர்வம். அதில் கண்ணாடிக்குள் தண்ணீரும் அதற்குள் வண்ண மீனும் என்றால் கேட்க வேண்டுமா? மதியச் சோற்றைக்கூட விட்டுவிட்டுப் பிள்ளைகள் ஆய்வகத்து ஜன்னலில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். தலைமையாசிரியர் தொட்டியை என் பொறுப்பில் விட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

தொட்டி மொட்டையாக இருக்கிறதே என்று பிளஸ் ஒன் வகுப்பில், "யாராவது ஏரியிலிருந்து பாசி கொண்டுவாங்க" என்றேன். மறுநாளே ஒரு பெண் ஈயச் சட்டி நிறையக் கொண்டுவந்தாள். நாலு மைல் நடந்து வருகிற பெண். அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். பையன்களோடு சேர்ந்து படிக்க வேண்டிய பள்ளி என்பதால் அவளுடைய அப்பா அரை மனதாகத்தான் அனுப்பினார் என்று கேள்விப்பட்டிருந்தேன். பாசியைத் தொட்டியில் போட்டது போக மிச்சத்தை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் தண்ணீரோடு வைத்து, ஜன்னல் மேடையில் ஓரமாக வைத்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்துக் கப்பிகள் குஞ்சு போட்டன. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டு. மறுநாள் பதினொன்று. அதற்கு மறுநாள் நாலு. குனிந்து பார்த்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாக, தையல் நூலை அரை விரற்கடை அளவுக்கு வெட்டி ஒட்டியதுபோல என்னமோ நின்றது. ஒன்றின் நுனியில் ஒரு குஞ்சு மாட்டிக்கொண்டு துடித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

உடனே சவர பிளேடு ஒன்றை வாங்கிவரச் சொல்லி, கண்ணாடி முழுவதும் சுரண்டினேன். துண்டு துண்டாகத் தண்ணீரில் மிதந்தன. ஒழிந்தது சனியன் என்று கையைக் கழுவினேன். ஒரே வாரத்தில் அரிசி இறைத்த மாதிரி கண்ணாடியெங்கும் அவைதான்! கல்லுப்பைக் கரைத்து ஊற்றினேன். கொஞ்சம் சுருண்டன, மறுநாள் மறுபடி நிமிர்ந்துகொண்டன.

அன்றைக்கு இடைவேளையில் அந்தப் பெண் தொட்டி முன்னால் நின்று, மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் திரும்பினாள்.

"டீச்சர், இது ஹைட்ரா தானுங்களே? புஸ்தகத்துல இருக்கற மாதிரியே கை வச்சிருக்குதுங்க. மைக்ராஸ்கோப்புல ஒரே ஒரு தடவ வச்சிப் பாக்கலாமுங்களா?"

பின்னால் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ஜூலையில் அந்தப் பாடத்தை நடத்தியவளே நான்தான். கரும்பலகையில் அரை ஆள் உயரத்துக்கு ஹைட்ரா வரைந்து, "இதைத் துண்டு துண்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டும் தனி உயிராக வளரும்" என்று பரீட்சைக்கு அடிக்கோடு போடச் சொன்னவளும் நான்தான். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், உயிருள்ள ஹைட்ராவை நான் பார்த்ததே இல்லை. கல்லூரியிலும் சாயம் ஏற்றிய கண்ணாடி ஸ்லைடில்தான் காட்டினார்கள். அது வெறும் கண்ணுக்கே தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் பள்ளியில் இருந்தது ஒரே மைக்ராஸ்கோப். அது பீரோவில் துணி சுற்றிப் பூட்டியிருக்கும். ஆயுத பூஜைக்கு எடுத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம், பிறகு செய்முறைத் தேர்வுக்கு எடுப்போம். நடுவில் தொட்டால் தலைமையாசிரியருக்கு ஆயிரம் பதில் சொல்ல வேண்டும்.

"ஹைட்ராவாம் ஹைட்ரா! அதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா? நீ எனக்குப் பாடம் எடுக்கறியா? போய் உட்காரு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம், பொறுமை போய், வேதியியல் ஆய்வகத்திலிருந்து மயில்துத்தம், அதுதான் காப்பர் சல்பேட், எடுத்துவந்தேன். எங்கள் தோட்டத்தில் பயிருக்கு நோய் வந்தால் அப்பா அதைத்தான் சுண்ணாம்போடு கலந்து அடிப்பார். அளவு கிளவு எதுவும் பார்க்கவில்லை, வீட்டில் பார்த்த கைக்கணக்குதான். தண்ணீர் லேசாக நீலம் பூத்தது. அழகாகக்கூட இருந்தது.

காலையில் வந்து பார்த்தால் வெள்ளை நூல்கள் போயிருந்தன. மீன்களும் மல்லாந்து கிடந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

பதினோரு மணிக்கு அதிகாரி வருகிறார். தலைமையாசிரியருக்கு முகம் சிவந்துபோயிற்று. "என்னம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். நான் இன்னும் வேலையில் நிரந்தரம் ஆகவில்லை. அந்த நிமிடம் வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. "அந்தப் பொண்ணு கொண்டுவந்த பாசியில ஏதோ விஷம் இருந்திருக்கணும் சார்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று ரொம்ப காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தானாக ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன்.

அவளைக் கூப்பிட்டு நிறுத்தினார். நீலத் தண்ணீரையும் என்னையும் ஒரு தடவை பார்த்தாள். அவளும் வேதியியல் படிக்கிறவள்தான். "நல்ல தண்ணியில மூணு தடவ அலசித்தானுங்க கொண்டாந்தேன்" என்றாள், அவ்வளவுதான். தலைமையாசிரியர் இருந்த கோபத்தில், "அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் வகுப்பு" என்றுவிட்டார்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, அலுவலக வாசலில் முக்கால் மணி நேரம் கை கட்டி நின்றார். "தெரியாம பண்ணிட்டாளுங்க, மன்னிச்சுக்குங்க" என்று அவர் சொல்வது ஆசிரியர் அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. எழுந்து பத்தடி நடந்தால் போதும். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அதற்கு மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை.

செய்முறைத் தேர்வு வந்தபோது மைக்ராஸ்கோப்பை வெளியே எடுத்தார்கள். குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்தது. மேசையை ஒழிக்கும்போது ஜன்னல் ஓரத்தில் அந்த ஹார்லிக்ஸ் பாட்டில் கண்ணில் பட்டது. உள்ளே கண்ணாடியில் நாலைந்து வெள்ளை நூல்கள். அறையில் யாரும் இல்லை. ஒன்றைச் சொட்டுக்குழாயில் உறிஞ்சி எடுத்து, கண்ணாடி ஸ்லைடில் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன்.

ஆறு கைகள். மெதுவாக நீட்டுகிறது, சுருக்குகிறது. இடுப்பில் சின்னதாக ஒரு குட்டி மொட்டு வேறு. நான் கரும்பலகையில் வரைந்ததைவிட எவ்வளவோ அழகு! சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்றைக்கே தலைமையாசிரியரிடம் போய் உண்மையைச் சொன்னேன். "நடந்தது நடந்துபோச்சு. ஆய்வும் முடிஞ்சிபோச்சு. விடும்மா" என்றார். நானும் விட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு. முழுப் பரீட்சை முடிந்து, சித்திரை வெயிலில்தான் அவள் ஊருக்குப் போனேன்.

அவளுடைய அப்பா வேப்பமரத்தடியில் கட்டில் போட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பாசியில் ஒன்றும் இல்லை, மருந்தை ஊற்றியது நான்தான், வகுப்பில் எல்லார் முன்னாலும் சொல்கிறேன், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கணுமுங்க டீச்சர். இனிமே அந்த வாசப்படியில போயி நிக்க நம்மளால ஆவாதுங்க. வூட்டு வேலை, புளி வேலைன்னு அவளும் பழகிட்டா. விடுங்க."

நான் இன்னும் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்தேன். அவர் மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அவள் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தில் விரல் நுனியெல்லாம் கறுத்துப்போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "என்னை மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரியே தெரியவில்லை.

"டீச்சர், அந்தப் பாட்டில்ல இருந்துச்சுங்களா? மைக்ராஸ்கோப்புல வச்சிப் பாத்தீங்களா? ஹைட்ரா தானுங்களே?"

"ஆமாம்மா. ஹைட்ராதான். நீ சொன்னதுதான் சரி."

"எத்தன கைங்க இருந்துச்சு?"

"ஆறு. பக்கத்துல குட்டி ஒண்ணு முளைச்சிருந்துச்சு."

"குட்டியுமா!" என்று அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தாள். என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. பாட்டில் இருக்கிறதா என்று கேட்டாள். கோடை விடுமுறையில் தண்ணீர் வற்றி எல்லாம் செத்துவிட்டது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "இருக்குதும்மா" என்றேன். அவளிடம் நான் கடைசியாகச் சொன்னதும் பொய்தான்.

பிறகு அவளைப் பார்க்கவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் முதல் வேலையாக மைக்ராஸ்கோப்பின் துணியைப் பிரித்து, இனி இது பீரோவுக்குப் போகாது என்று தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு ஜெயித்தேன். ஓய்வு பெறும்வரை ஒவ்வொரு வருடமும் ஏரிப் பாசி கொண்டுவரச் சொல்லி, வகுப்பு முழுவதையும் வரிசையில் நிறுத்தி ஹைட்ராவைக் காட்டியிருக்கிறேன். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்து வாய் பிளந்திருக்கிறார்கள். அதை எனக்கு முன்னால் அடையாளம் கண்டு, ஒரே ஒரு தடவை பார்க்கக் கேட்ட பெண்ணுக்கு மட்டும் நான் காட்டவே இல்லை என்பதை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்கு மனசு ஆறுவதில்லை.