ரேடியேட்டருக்கு வைத்த பெரிய ஃபேன்

மகன் லேசாக இருமினாலும் கைவேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுகிறேன். அவனுக்கு மூத்தவள் மூச்சிழுப்பில் போனதிலிருந்து இப்படித்தான்.

கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒவ்வொன்றாக எழும்பிய வருடங்கள் அவை. என் கணவர் ஓர் உருக்காலையில் எலக்ட்ரீஷியன். மகளுக்கு இழுப்பு வந்தால் மெட்ராஸுக்குத்தான் ஓட வேண்டும் என்பதால் ஒரு பழைய காரை வாங்கியிருந்தோம். அந்தக் கோடையில், ரேடியேட்டரைக் குளிரவைக்க எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் அதன் விசிறி முறிந்தது. மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை. ஆலைக்கு உருக்க வந்த பழைய இரும்பில், வெளிநாட்டு வண்டிகளில் இருந்த இரண்டு கரண்ட் ஃபேன்கள் அகப்பட்டன. இவர் பெரியதை எடுத்து வந்தார்.

கூட வேலை செய்பவர் அதைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணே, ரேடியேட்டருக்கா, கல்யாண மண்டபத்துக்கா?" என்றார். இவரும் சிரித்தார். தடித்த ஒயர், ஃபியூஸ், டாஷ்போர்டில் சுவிட்ச் என்று எல்லாவற்றையும் ஒழுங்காகவே செய்தார். வாசலில் ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் சூடேறவே இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி!

ஆலையில் கரண்ட் சுவரிலிருந்து வரும். எத்தனை மோட்டார் போட்டாலும் தீராது. காரில் இருப்பது ஒரு பேட்டரியும், அதை நிரப்பச் சின்னதாய் ஒரு டைனமோவும்தான். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடினால் டைனமோ ஒன்றுமே தராது; பெரிய ஃபேன் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். சுவரை நம்பிப் பழகியவருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் அன்றைக்கு இதெல்லாம் தெரியாது.

ஒரு மத்தியானம் அவளுக்கு இழுப்பு கடுமையாக வந்தது. உதடு நீலம் பாரித்தது. கிளம்பினோம். ரயில்வே கேட் மூடியிருந்தது; கூட்ஸ் ஒன்று குறுக்கே நின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்தப் பயந்து ஓடவிட்டே வைத்திருந்தோம். ஃபேனின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு எஞ்சினும் குலுங்கி நின்றது. கேட் திறந்தபோது சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற ஒலி மட்டும். கேட்டில் காத்திருந்த பஸ்ஸிலிருந்து ஷிப்ட் ஆட்கள் இறங்கி வந்து தள்ளியும் கிளம்பவில்லை.

பின்னால் நின்ற லாரிக்காரர், "கொயந்தய தூக்கிக்கினு ஏறும்மா" என்றார். ஏறினேன். இவர் பானெட்டுக்குள் குனிந்திருந்தார். "நீ போ, ஃபேன் ஒயர புடுங்கிட்டு பின்னாலயே வந்துர்றேன்" என்றார்.

லாரியில் அவள் மூச்சுக்கு நடுவே, "அப்பா எங்க?" என்று கேட்டாள். கார்ல பின்னாலயே வர்றாரு என்றேன். அவள் என் தோள்மேல் முகத்தை வைத்து, பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியை அடையும் முன்பே அவள் மூச்சு நின்றிருந்தது.

இவர் சாயங்காலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கையெல்லாம் கிரீஸ். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு, "என்னத் தேடுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல, தூங்கிட்டா" என்றேன்.

அதை அவர் நம்பினாரா என்று இதுவரை நான் கேட்டதில்லை.