உள்ளே பார்த்த பாதங்கள்

அப்பா இறந்த ஒன்பதாம் நாள் காலை, எங்கள் வீட்டுப் புது அறையில் அவர் கடைசியாகப் போட்ட தரையில் பாதங்கள் தெரிந்தன. வெள்ளையாகப் பன்னிரண்டு. எல்லா விரல்களும் அறையின் உள்பக்கம் பார்த்திருந்தன. வெளியே போன தடம் ஒன்றுகூட இல்லை.

“உள்ள வந்திருக்காரு,” என்றாள் ஆண்டாள் அத்தை. “திரும்பிப் போவல.”

அம்மா நம்பினாள். தினமும் அவருக்குத் தட்டில் சோறு போட்டு அறைக்குள் வைத்தாள். அவளுக்குக் கஞ்சித் தண்ணீரோடு சரி.

அப்பா சடையன், கச்சிராயபாளையத்தில் கொத்தனார். மலை ஊர்கள் வரை தளம் போட்டவர். புதுக் கான்கிரீட்டில் வெள்ளையாக உப்புப் பூத்தால் மற்ற கொத்தனார்களே அவரைத்தான் கூப்பிடுவார்கள். முதலில் தண்ணீர் படக் கூடாது. காய்ந்த பிரஷால் தேய்த்துத் தூளை அள்ளிவிட வேண்டும். போகாத இடத்துக்கு மட்டும் தண்ணீர் கலந்த வினிகர். அலசி, உடனே ஒற்றிக் காயவிட வேண்டும். “சும்மா கழுவுனா உப்பு உள்ள பூந்துக்கும். விருந்தாளிக்கு இன்னொரு தோசை வச்ச மாதிரி. நாளைக்கும் வருவான்,” என்பார். நான் கட்டடப் பொறியியல் படித்தபோது புத்தகத்திலும் அதுவே இருந்தது, தோசை நீங்கலாக.

“உப்பும்மா அது,” என்றேன்.

“உப்புக்குக் கால் இருக்குமாடி?”

பன்னிரண்டாம் நாள்தான் எனக்குப் புரிந்தது. தரை பூசுகிறவர் உள்மூலையில் தொடங்கிப் பின்னால் நகர்ந்தே வாசலுக்கு வருவார். அவர் மிதித்த இடம், மேலே பூசி மறைத்தாலும், லேசாக அமுங்கியிருக்கும். அங்கே தண்ணீர் நிற்கும், உப்பு பூக்கும். உள்மூலைத் தடத்தில் நின்று பின்னாலேயே நடந்து காட்டினேன். கடைசித் தடத்தில் என் முதுகு வாசல் நிலையில் இடித்தது.

“அப்பா வெளியதான் போனாரும்மா.”

அம்மா குனிந்து அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு பிரஷை எடுத்து உள்மூலையிலிருந்து தேய்த்தாள்.

மறுநாள் பத்துத் தடங்கள் திரும்பி வந்தன. அதற்கடுத்த நாள் எட்டு. தினமும் அம்மா தேய்த்தாள்; தினமும் உள்ளிருந்து இரண்டு குறைந்தன. உள்மூலை முதலில் காய்கிறது என்று எழுதிவைத்தேன். ஜன்னலே இல்லாத மூலை அது. கடைசியில்தான் காய வேண்டும்.

ஐந்தாம் காலை, நிலையோரம் இரண்டு மட்டும் இருந்தன. நாங்கள் அறைக்குள் இருந்தோம்.

“நம்மளப் பாத்துக்கினே நிக்கிறாரு,” என்று அம்மா பிரஷை என் கையில் கொடுத்தாள். “நீ தேய்.”

தேய்த்தேன். தூளை வாசலுக்கு வெளியே கொட்டினேன்.

மறுநாள் தரையில் எதுவும் இல்லை. அம்மா அப்பாவுக்கு வைத்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அந்த அறையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னையும் கூப்பிட்டாள். அப்பா கடைசியாக நின்ற இடத்தை மிதிக்க மனம் வராமல், நான் நிலைப்படியைத் தாண்டவில்லை.