கடைசியில் நிற்பவருக்குக் கேட்கவில்லை

ஊருக்குள் ஒளிந்து கிடக்கும் இடங்களைக் காட்டிப் பிழைப்பதுதான் என் தொழில்; அங்கே குடியிருப்பவர்களிடம் மட்டும் நீங்கள் ஒளிந்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடக் கூடாது, அடிக்க வருவார்கள்.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு கூட்டம் ஏதாவது சந்துக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றால், அதற்கு முன்னால் வாயை அசைத்துக்கொண்டிருப்பவன் நான். வாய் அசைவது தெரியும். சத்தம் வராது. பொம்மனஹள்ளியில் எங்களுக்கு ஒரே அறை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த அப்பா ஒரு பக்கம் தூங்க, மறுபக்கம் தாத்தா எனக்குக் கதை சொல்வார். அந்தக் கதைகளில் ராட்சசன் கர்ஜித்தாலும் அப்பா விழித்துவிடாத அளவுக்குத்தான் கர்ஜிப்பான். கதை சொல்வதென்றால் அப்படித்தான் என்று நானும் பழகிவிட்டேன். வகுப்பெடுக்கும், ஏலம் விடும், மேடையேறி நன்றியுரை சொல்லும் மென்குரல் சொந்தங்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

இப்படி ஊர் சுற்றிக் காட்டும் எங்கள் நடைகளை நடத்தும் ரேவதி மேடம் நல்லவர். ஆனால் வந்தவர்கள் அன்று மாலையே ஆன்லைனில் எழுதிவிடுகிறார்கள்: இடம் அருமை, கைடு பேசியது கேட்கவில்லை. இன்னும் இப்படியே வந்தால் ஆஸ்டின் டவுன் நடையை ராகேஷிடம் கொடுத்துவிடப் போவதாக மேடம் சொல்லிவிட்டார். அது நான் வெயிலிலும் மழையிலும் அலைந்து, சந்து சந்தாகப் பொறுக்கிச் சேர்த்த நடை. ராகேஷ் எங்கள் இன்னொரு கைடு. அவன் அல்சூர் ஏரியின் இந்தக் கரையில் நின்று குட் மார்னிங் சொன்னால் அந்தக் கரையில் நீர்க்காகம் பறக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றதைப் பார்த்து மேடத்துக்கே மனசு கேட்கவில்லை. "ஸ்வல்ப ஜோரா, கொஞ்சம் சத்தமா பேசுப்பா, பிரவீண். நீ சொல்றது நல்லாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். எனக்கும்தான் ஒரு நாளும் கேட்டதில்லையே!"

சுவரில் வந்த சாமி

நடையின் முதல் நிறுத்தம் ஒரு நீளமான காம்பவுண்டுச் சுவர். ஒரு காலத்தில் போகிறவன் வருகிறவனெல்லாம் அங்கேதான் ஒதுங்குவான். சுவருக்குச் சொந்தக்காரர் எழுதி வைத்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் சாமி படம் போட்ட டைல்ஸை வாங்கி இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பதித்துவிட்டார். முருகன், மாதா, மெக்கா, புத்தர், யாரையும் விடவில்லை. அதோடு அந்த வழக்கம் நின்றது. பிறகு எதிரே பூ விற்கும் அம்மா, மிஞ்சின பூவை முருகனுக்கு வைக்க ஆரம்பித்தார். மாதாவுக்கு யாரோ மெழுகுவத்தி ஏற்றினார்கள். இப்போது செவ்வாய்க்கிழமையானால் வேண்டுதல்காரர்கள் வருகிறார்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசியில் நின்றது ஒரு புதுத் தம்பதி. மதுரைப் பக்கத்திலிருந்து ஐடி வேலைக்கு வந்தவர்கள். கதை அவர்கள்வரை போய்ச் சேரவில்லை. விளக்கும் பூவும்தான் கண்ணில் பட்டிருக்கிறது. ஷூவைக் கழற்றி, சாக்ஸையும் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சுவரில் நெற்றி படக் கும்பிட்டார் கணவர். கதையை முழுதாகக் கேட்டிருந்த முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் நிமிர்ந்து, பூக்காரம்மாவிடம் பயபக்தியோடு, இந்த இடத்துக்கு என்ன விசேஷம் என்று கேட்டார். அந்த அம்மா பூத்தொடுப்பதை நிறுத்தாமலே சொன்னார்: "நாத்தம் போச்சுப்பா. அதைவிட வேற என்ன விசேஷம் வேணும்?"

ஆள் வருது

அடுத்தது ஒரு முடுக்கு. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவராக மாற வேண்டும். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு: நுழைவதற்கு முன் "ஆள் வருது!" என்று குரல் கொடுக்க வேண்டும். மறுமுனையில் இருப்பவர் அதைக் கேட்டு நின்றுகொள்வார். சின்னப் பிள்ளைகள்கூட ஓடும் ஓட்டத்தில் கத்திவிட்டுத்தான் உள்ளே புகும்.

நானும் குரல் கொடுத்தேன். கொடுத்ததாகத்தான் நினைக்கிறேன். பாதி தூரம் போனபோது எதிரே தோளில் கேஸ் சிலிண்டரோடு ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவர் பின்வாங்க முடியாது. "அரே தம்பி, இத்தனை பேரைக் கூட்டிட்டு வந்து ஒரு வார்த்தை கூவ மாட்டியா?" என்றார். நாங்கள் எல்லோரும் அப்படியே திரும்பி, வந்த வழியே நடந்தோம். திரும்பியதில் வரிசை தலைகீழானது. அதுவரை கடைசியில் வந்த ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் முதல் ஆளாகிவிட்டார். ஆகி, "ஆள் வருது!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், முடுக்குக்கு வெளியே நின்றிருந்த ஆட்டோ ஸ்டார்ட் ஆகி ஓரமாய்ப் போய் நின்றது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்பத்தான் எனக்கு முன்வரிசை கிடைச்சிருக்கு. இனிமே நீங்க பின்னாடியே வாங்க தம்பி!"

படிக்கட்டைக் காணோம்

எங்கேயும் போகாத படிக்கட்டு ஒன்று வைத்திருந்தேன். வீட்டை இடித்தவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஏறினால் ஆகாசம்தான். இந்த ஊரில் நேற்றுப் பார்த்தது இன்று இருக்காது என்பதால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு சுற்று சரிபார்ப்பேன். அந்த வாரம் மழை, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு போய் நின்றால் அங்கே ஜூஸ் கடை. கடைக்காரர் எங்களை ஏமாற்றவில்லை. "எங்கயும் போகல சார், ஃபிரிட்ஜுக்கு அடியில நாலு படி அப்படியே இருக்கு. மொசம்பி ஜூஸ் குடிச்சிக்கிட்டே குனிஞ்சு பாருங்க!"

இடுப்பில் கட்டிய குரல்

மேடம் என்னைக் கைவிடவில்லை. இடுப்பில் கட்டிக்கொள்ளும் ஸ்பீக்கர் ஒன்றும் காதோரம் மாட்டும் மைக்கும் வாங்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிறு காலை, சந்தே போர்த்திக்கொண்டு தூங்கும் நேரம், அதை மாட்டிக்கொண்டு நுழைந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக என் குரலை நானே கேட்டேன். "எல்லாரும் வாங்க, கிட்ட வாங்க, வந்து பாருங்க!"

கதவுகள் திறந்தன. ஒருவர் பின் ஒருவராக ஒயர்கூடையும் பையுமாக வெளியே வந்தார்கள். மாடியிலிருந்து கயிற்றில் ஒரு கூடை என் தலைக்கு நேராக இறங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் அங்கே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருவது பூண்டு வண்டிதானாம். சந்தின் கடைசி வீட்டுக் கலாவதியக்காவும் எழுந்து வந்துவிட்டார். அவர் ஒரு பெரிய ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறவர்; வாரத்தில் அந்த ஒரு நாள்தான் அவருக்குக் காலைத் தூக்கம். நான் ஸ்பீக்கரை அணைக்கும் பொத்தானைத் தேடிக்கொண்டே, பூண்டு இல்லை, பழைய வீடுகளின் வரலாறு சொல்ல வந்திருக்கிறேன் என்று மைக்கிலேயே சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பூண்டு இல்லேன்னா அப்புறம் எதுக்குய்யா மைக்கு?"

சூப்பர்வைசர்

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் மீதி நடையை முடித்தேன். அன்று மாலை எல்லோரும் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள்: கைடு பேசியது கேட்கவில்லை. நடை கைமாறுவது உறுதியாகிவிட்டது. மறுவாரம் ராகேஷ் கூட்டத்தோடு முன்னால் நடந்தான், மேடமும் வந்திருந்தார். வழி காட்டுவதற்காக நான் கூடப் போனேன். "மனசுல வச்சுக்காத மச்சா," என்று ராகேஷ் தோளில் கை போட்டான். அவனைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது, அவ்வளவு நல்லவன். சொன்னது மட்டும் சந்து முழுக்கக் கேட்டது.

நடையின் கடைசி நிறுத்தம் கலாவதியக்கா வீட்டு முற்றத்துக் கிணறு. கிணற்றைச் சுற்றித்தான் வீடே எழுந்திருக்கிறது. அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவில் கம்பிவலை போட்ட கிணறு. அதில் ஓர் ஆமை உண்டு. மேலே வந்து எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒரு வேலையும் செய்யாமல் கீழே போய்விடும் என்பதால் அக்கா அதற்கு வைத்த பெயர் சூப்பர்வைசர். அதைப் பார்க்கத்தான் கூட்டமே வருகிறது.

ராகேஷ் கிணற்றடியில் நின்று கதையை ஆரம்பித்தான். அவன் சொன்னதைக் கிணறும் ஒருமுறை திருப்பிச் சொன்னது. ஆமை வரவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னான். உள் அறையில் குழந்தை ஒன்று அழ ஆரம்பித்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு. எதிர்ப்பக்கம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்ற அக்கா, "இவ்ளோ சத்தத்துக்கு அது எப்படிப்பா வரும்? அந்த மெல்லப் பேசுற தம்பியைச் சொல்லச் சொல்லுங்க," என்றார்.

நான் முன்னால் போய், எனக்குத் தெரிந்த ஒரே குரலில் ஆரம்பித்தேன். கேட்பதற்காக எல்லோரும் கிணற்றை நெருங்கிக் குனிந்தார்கள். பேச்சு நின்றது, குழந்தைகூட அடங்கியது. தண்ணீரில் ஏதோ இலை ஒன்று மிதந்தது. அதன் பக்கத்தில் மெதுவாக ஒரு தலை எழும்பியது. ராகேஷ், அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக இருக்கும், ரகசியம் பேசினான்: "மேடம், இந்த நடை எனக்கு வேணாம். அவனே பார்த்துக்கட்டும்." மேடமும் தலையசைத்துவிட்டார்.

கூட்டம் போன பிறகு அக்காவுக்கு நன்றி சொன்னேன், ஆமைக்கும் என் குரல் பிடிக்கிறது போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டேன். அக்கா முந்தானைக்குள்ளிருந்து மிச்சக் கீரைக்கட்டை எடுத்து, கம்பிவலையை விலக்கிக் கிணற்றில் போட்டார். "உன் குரலுக்கு ஒண்ணும் வரல தம்பி, பசிக்கு வந்துச்சு. அவன் பேசி முடிக்கிறவரைக்கும் கீரை என் கையிலதான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை நாங்க தூங்க வேணாமா?"

இந்த ஊரின் ஒளிந்த இடங்களையெல்லாம் கண்டுபிடித்தவன் நான்தான் என்று இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன், யார் கையில் கீரை இருக்கிறது என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொண்டு.