இரண்டு புட்டி, ஒரே தண்ணீர்

ஆம், நான் ஏமாற்றினேன்! ஓரிடத்துத் தண்ணீரை இரண்டு புட்டிகளில் நிரப்பி, இரண்டு இடத்துத் தண்ணீர் என்று எழுதி ஒட்டினேன். அந்தப் பொய்தான் என்னை ஆராய்ச்சிக்குள் கொண்டுபோய் விட்டது. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் என் ஊர். சென்னையில் வேதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பொருளால் தண்ணீரில் கலந்த நச்சு உலோகங்களைப் பிடிக்க முடியுமா என்று எங்கள் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். இளநிலை மாணவர்களைச் சேர்ப்பதே அபூர்வம். "ஆலைக் கழிவு வந்து சேரும் தெற்குப் பக்கம் ஒரு புட்டி, உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு புட்டி. திங்கட்கிழமை கொண்டுவா" என்றார் பேராசிரியர். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

ஆனால் எங்கள் ஏரியில் நினைத்த இடத்துக்குப் படகை விட முடியாது. எந்த நாளில், எந்த இடத்தில், யார் வலை போடுவது என்பதற்குப் பாடு என்றொரு முறை உண்டு. நான் ஊருக்குப் போன சனிக்கிழமை, தெற்குப் பக்கம் வேறு குடும்பங்களின் பாடு.

"ஒரே ஒரு புட்டி தண்ணிதான நைனா!" என்று அப்பாவிடம் கெஞ்சினேன்.

"வலையோ புட்டியோ, அவுங்க பாட்டுல நம்ம படகு நொழையக் கூடாதுமா. நாளன்னிக்கி நம்ம பாடு. நானே இட்டுனு போறேன்."

பொறுத்திருக்கலாமே... அவகாசம் கேட்டிருக்கலாமே! வேறு யாராவது முந்திக்கொள்வார்களோ என்ற பதைப்பு எனக்கு. வீட்டுக்கு எதிரே முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டு புட்டிகளையும் நிரப்பினேன்.

கல்லூரியில் என்னையே அளக்கச் சொன்னார்கள். இரண்டிலும் நஞ்சு இல்லை. எண்கள் அச்சு அசலாக ஒத்திருந்தன. "இவ்வளவு சீராக அளக்கும் கை முதுகலை மாணவர்களுக்கே இல்லை" என்று பேராசிரியர் என்னைச் சேர்த்துக்கொண்டார். ஒரே தண்ணீர் ஒத்துப்போகாமல் வேறென்ன செய்யும்!

என் அத்தை தெற்குப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவள். கையால் பிடிக்கும் பெண்களுக்குப் பாடு முறை கிடையாது; எந்த நாளும் எங்கும் இறங்கலாம். புட்டியைக் கொடுத்திருந்தால் அவளே மொண்டு வந்திருப்பாள்! அது எனக்குத் தோன்றவே இல்லை... தோன்றியிருந்தால் கேட்டிருப்பேனா?

அவள் விரல்களில் அப்போதே கொப்புளங்கள். "இன்னாடீ, அந்தத் தண்ணில எறங்கலாமா? நீதான் சோதிச்சியாமே" என்றாள்.

"எறங்கலாம் அத்த."

எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது!

பிறகு, எங்கள் பாடு வந்த ஒரு நாளில், நிஜமாகவே தெற்குத் தண்ணீரை எடுத்துத் தனியாகச் சோதித்தேன். நஞ்சு இருந்தது... இருக்கவே கூடாத அளவுக்கு இருந்தது! அந்த முடிவை அழித்துவிட்டேன். ஏன் என்கிறீர்களா? வெளிநாட்டில் மேற்படிப்புக்கு இடம் கேட்டிருந்தேன். அந்த இரண்டு புட்டி ஆய்வைச் சொல்லித்தான் கேட்டிருந்தேன். என் தரம் அவ்வளவுதான்.

இடம் கிடைத்துவிட்டது.

நேற்று அத்தையிடம் விடைபெறத் தெற்குப் பக்கம் போனேன். கை அரிப்புக்குப் பயந்து சில பெண்கள் கரையிலேயே தயங்கி நின்றார்கள். தண்ணீருக்குள் நின்ற அத்தை என்னைக் காட்டிச் சிரித்தாள். "எங்க பொண்ணு சோதிச்ச தண்ணிடீ! தைரியமா வாங்க."

அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையசைத்தேன். ஒவ்வொருவராக இறங்கினார்கள்.