ஈரத்துணியில் சுற்றிய நார்

வாழைமட்டையைப் பலகையில் விரித்து, மழுங்கிய தகரத்தால் ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். சதை வழிந்து விழ, வெள்ளை இழைகள் மட்டும் நின்றன. கூட அழுத்தினால் இழை அறும். குறைந்தால் சதை தங்கிப் பழுப்பேறும். நான்கு இழுப்புக்கு ஒரு முறை அவள் எழுந்துபோய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். மூட்டமாகவே இருந்தது.

அம்சவல்லி நெய்வேலி குவார்ட்டர்ஸில் இரண்டு வீடுகளில் பாத்திரம் துலக்குபவள். அங்கே கொல்லைக்குக் கொல்லை வாழை உண்டு. தாரை வெட்டியதும் மரம் குப்பைக்குப் போய்விடும். அதைத் தூக்கிவந்து, எந்த அடுக்கில் மெல்லிய நார் கிடைக்கும் என்று கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டாள். அன்று காலையும், அவள் துலக்கும் வீடுகளில் ஒன்றான பேச்சியம்மாள் வீட்டு மரம்தான் கிடைத்தது.

"மட்டையை எல்லாம் எடுத்துக்கோ. தண்டை மட்டும் வச்சுட்டுப் போயிரு, பொரியல் பண்ணணும்" என்றாள் அந்தத் திருநெல்வேலிக்காரி.

அது எண்பத்திரண்டாம் வருட ஐப்பசி. மாதர் சங்கத் தறியில் பருத்திப் பாவுக்கு வாழைநாரைக் குறுக்கே ஓடும் ஊடையாகக் கொடுத்து நெய்ய நினைத்திருந்தார் ஆசிரியை கஸ்தூரியம்மாள். அம்சவல்லி முதலில் கொடுத்த நார் மழையில் காயவில்லை என்று லெக்கோ கரி அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயவைத்தது. ஒரு மணி நேரத்தில் பளபளவென்று ஆனது. தறியிலோ அதை இழுத்துக்கொண்டு நாடாக்கட்டை ஓடும்போதெல்லாம் ஒடிந்தது.

"இது நாரா, அப்பளமா?" என்று கேட்டார் கஸ்தூரியம்மாள். கூடமே சிரித்தது. "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள நல்லதா கொண்டா. இல்லைன்னா பருத்தியையே போட்டுருவேன்."

அன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை. ஷிஃப்டுக்குக் கிளம்பிய கணவன் கலியன் வாசலில் நின்றான்.

"குப்பைய சொரண்டிக்கினு கெட. மேஸ்திரிகிட்ட உன் பேர சொல்லிட்டேன். நாளையிலேர்ந்து மண்ணு கூடை தூக்க வா."

"சாயங்காலம் வரைக்கும் பொறுக்க முடியாதா? நார எடுத்துகினா அதுலயே காசு வரும்."

"அந்தம்மா மறுபடியும் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். உன் மூஞ்சப் பாத்துகினே இத்தினி வருசம் ஓட்டிட்டேன், அதுக்கென்ன!"

அவன் போனதும் மண் கூடை தலையில் ஏறிவிட்டது போலிருந்தது அவளுக்கு. அலசிய நாரை நிழலில் விரித்தாள்; தூறல் விழுந்தது; உள்ளே எடுத்தாள். விசிறினாள், தொட்டாள், மறுபடி விசிறினாள். இரண்டு மணிக்கும் ஈரம். கண் அடுப்புப் பக்கம் போனது. நெருப்பு இன்னும் கனன்றது. கொடியில் போடக் கை நீண்டது.

போடவில்லை. மூலையில் கிடந்த, அடுப்பில் காய்ந்த பழைய நாரில் ஓர் இழையை விரலில் சுற்றினாள், ஒடிந்தது. ஈர இழை ஒன்றைச் சுற்றினாள், ஒடியவில்லை. கதவுத் தாழ்ப்பாளில் கட்டி இழுத்தாள். விரல்தான் வலித்தது. இத்தனை நாளாக எந்த ஈரத்தைப் போக்கத் தவித்தாளோ, அந்த ஈரம்தான் நாரை அறாமல் வைத்திருந்தது.

தடித்த இழைகளைக் கழித்து, மீதியைச் சிக்கெடுத்து முறுக்கி, நனைத்த துண்டில் சுற்றிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சங்கக் கூடத்துக் கடிகாரத்தில் நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. மேசையில் பருத்தி நூல்கண்டு தயாராக இருந்தது.

"என்னடி இது, சொட்டச் சொட்ட?"

"காஞ்சாதான் ஒடியுதுங்க. ஈரத்தோடவே நெய்ங்க. நடுவுல காஞ்சா தண்ணி தெளிங்க."

கஸ்தூரியம்மாள் ஓர் இழையை உருவி விரலில் சுற்றினார். இழுத்தார். முறுக்கி மறுபடி இழுத்தார். பிறகு நூல்கண்டை ஓரமாக நகர்த்திவிட்டுக் கையை நீட்டினார்.

"கொடு."

அம்சவல்லி இரு கைகளாலும் கொடுத்தாள்.